வலது பின்சக்கரம்

வண்டி மறுபடியும் அதே இடத்தில்தான் கவிழ்ந்தது.

பாறையின் கீழ்ப் பாதியை அது வழக்கம்போல ஜோராக ஏறிவிட்டது. நடுவில் படி மாதிரித் துருத்திக்கொண்டிருந்த விளிம்பில் முன்சக்கரங்களைத் தூக்கி வைத்தது. எவாஞ்சலின் ரிமோட்டின் விசையை இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அவ்வளவுதான். இடது முன்சக்கரம் காற்றில் எழும்பியது. உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. முழங்கை நீள வண்டி பல்டி அடித்து, கீழே விரித்து வைத்திருந்த பழைய மெத்தையில் மல்லாந்து விழுந்தது. நான்கு சக்கரங்களும் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

"விசைய விடு எவா. இன்னும் ஏறிட்டிருக்கோம்னு நெனச்சிட்டு இருக்கு, பாவம்," என்றான் ஆண்டனி.

எவாஞ்சலின் விசையை விட்டாள். கணவனை முறைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

ரிமோட் கார் என்றால் சர்ரென்று பறக்கும் பொம்மை என்று நினைப்பவர்களுக்கு இந்த வண்டியைப் பார்த்தால் கொட்டாவி வரும். நத்தை வேகத்தில்தான் போகும். ஆனால் ஆடு ஏறத் தயங்கும் பாறையில் போகும். நகர எல்லையில் கட்கேசர் தாண்டி மண்பாதையில் இறங்கினால் வரும் அந்தப் பாறைக் குவியலில், ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தக் கிறுக்குப் பிடித்த பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். வீட்டில் முழு வாரமும் திருகிய திருகாணிகளை இங்கே வந்து சோதித்துப் பார்ப்பார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இதுவரை எந்த வண்டியும் ஏறாத பாறையை யாராவது கண்டுபிடித்தால், அதன் அடியில் சாக்பீஸால் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். அன்றிலிருந்து மூன்று ஞாயிறுகள் அந்தப் பாறை அவர் பாறை. வேறு யாரும் சக்கரம் வைக்கக் கூடாது. மூன்றாவது ஞாயிறு மதியம், கூட்டத்தில் மூத்தவரான விஸ்வநாத் சாப்பாட்டுக்கு விசில் ஊதுவதற்குள் ஏறிவிட்டால் பாறைக்குப் பெயர் வைக்கும் உரிமை அவருக்கு. ஏறாவிட்டால் எழுத்து அழிக்கப்படும். வரிசையில் அடுத்து நிற்பவர் தன் எழுத்தைப் போடுவார்.

இன்று மூன்றாவது ஞாயிறு. பாறையின் அடியில் இருந்த 'எ' பாதி அழிந்திருந்தது. அடுத்து நிற்பவன் சுதர்சன்.

"அவசரமே இல்லைங்க்கா. நீங்க நிதானமா பண்ணுங்க," என்றான் சுதர்சன். சொல்லிக்கொண்டே தன் வண்டியின் டயர்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஈரோட்டுக்காரன். குகட்பள்ளியில் குடியிருந்துகொண்டு ஏதோ மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வண்டி. நல்ல கை. இந்தக் குவியலில் ஏற்கனவே மூன்று பாறைகளுக்கு அவன் வைத்த பெயர்கள்தான் நிலைத்திருக்கின்றன. ஒன்று 'டெட்லைன்'. ஒன்று 'ரீஸ்டார்ட்'. கொஞ்சம் செங்குத்தான மூன்றாவது, 'நோட்டீஸ் பீரியட்'.

"இதுக்கும் பேர் ரெடியா வெச்சிருக்கியா தம்பி?" என்று ஆண்டனி கேட்டான்.

"அப்ரைசல்-னு நெனச்சிருக்கேன்ணா. பாதி வரைக்கும் நல்லா ஏத்திவிட்டு அப்புறம் கவுத்துடுது பாருங்க."

ஆண்டனி சிரித்துவிட்டான். எவாஞ்சலின் சிரிக்கவில்லை. இந்தப் பாறையைக் கண்டுபிடித்தவள் அவள். முள்ளை வெட்டி வழி செய்தவள் அவள். இரண்டு வருடமாக இந்தக் கூட்டத்தோடு வருகிறாள். ஒரு பாறைகூட அவள் வைத்த பெயரில் இல்லை. இதையும் 'அப்ரைசல்' என்று கூப்பிட்டுக்கொண்டு காலம் தள்ள அவளால் முடியாது.

மெட்டுகுடா சர்ச்சில் காலையின் முதல் ஆராதனை முடிந்த கையோடு, உடுத்திய பட்டுச்சேலையை மாற்றக்கூட நிற்காமல் வந்திருந்தாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு மெத்தை அருகே உட்கார்ந்து வண்டியை நிமிர்த்தினாள்.

"நீங்க லெஃப்ட்னு சொன்னது லேட்டு," என்றாள். பாறையோரம் நின்று வழி சொல்வது ஆண்டனியின் பொறுப்பு.

"நான் லெஃப்ட்னு சொல்றதுக்குள்ள அது ரைட்ல விழுந்துடுச்சு. கைக்கு என்னைத் திட்டுறே?" ஊர் உருது ஒட்டிக்கொண்ட அவர்கள் பேச்சில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு'.

அவன் மேல் தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். தன் வண்டி மேலும் தப்பிருக்க முடியாது என்று நினைத்தாள். அங்கேதான் சிக்கல்.

எவாஞ்சலினுக்கு நாச்சாரத்தில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. வார்ப்பிலிருந்து வரும் ஒவ்வொரு உருப்படியும் அவள் மேசையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். ஜோடியாகப் போக வேண்டியவற்றில் ஒன்று இன்னொன்றைவிட முடியளவு மாறினாலும் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவாள். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் எடுக்க மாட்டாள்.

அதே கண்ணோடுதான் இந்த வண்டியையும் பூட்டியிருந்தாள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு ஷாக் அப்சார்பர்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு ஸ்பிரிங். கடையில் ஜோடி என்று கொடுத்த ஸ்பிரிங்குகளை அவள் நம்பவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரே எடையை வைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று வெர்னியர் அளவுகோலில் அளந்து, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒத்துப்போனவற்றை மட்டும் எடுத்தாள். ஷாக்குக்குள் ஊற்றும் ஆயிலை ஊசிச் சிரிஞ்சில் அளந்து ஊற்றினாள். கடைசியில் வண்டியைக் கண்ணாடித் தட்டின் மேல் நிறுத்தி, கூரையில் ரசமட்டத்தை வைத்தால், குமிழி நடுவில் அசையாமல் நின்றது.

"எனக்குக்கூட ஒரு தோள் எறக்கம். என்னையும் செவப்புத் தொட்டியில போட்ருவியா?" என்று அன்றைக்கு ஆண்டனி கேட்டான்.

"கல்யாணத்தன்னிக்கு கோட்டு போட்டு மறச்சிட்டீங்க. இப்ப ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க," என்றாள் அவள்.

அப்படிப்பட்ட வண்டி, மூன்று ஞாயிறாக, ஒவ்வொரு முறையும், வலப்பக்கமே விழுகிறது.

போன ஞாயிறு டயரைக் குறை சொன்னாள். டயருக்குள் இருக்கும் பஞ்சை மாற்றினாள். விழுந்தது. இன்று காலை வந்ததும், உடம்பு வேகமாக ஆடுவதால்தான் கவிழ்கிறது என்று முடிவு செய்தாள். நான்கு ஷாக்குகளையும் கழற்றி, மெல்லிய ஆயிலை வடித்துவிட்டு, தேன் மாதிரி கெட்டியான ஆயிலை ஊற்றி, தண்டை மெதுவாக மேலும் கீழும் இழுத்துக் குமிழிகளை வெளியேற்றி, மறுபடி பூட்டினாள். வண்டி ஏறியது. விளிம்புக்கு வந்தது. மெதுவாக, மிக மெதுவாக, வலப்பக்கம் சாய்ந்து விழுந்தது.

"இப்ப நிதானமா விழுது. டீ குடிச்சிட்டே பாக்கலாம்," என்றான் ஆண்டனி.

எவாஞ்சலின் பழைய ஆயிலையே திரும்ப ஊற்றினாள்.

சுதர்சன் நல்லவன்தான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியவில்லை. "அக்கா, இடது பக்கம் கொஞ்சம் வெயிட் ஒட்டிப் பாருங்களேன்," என்று ஈயத் துண்டுகளை நீட்டினான். கார் சக்கரத்தில் அடிப்பார்களே, அந்த மாதிரித் துண்டுகள். எவாஞ்சலின் வாங்கி இடப்பக்கம் ஒட்டினாள். இந்த முறை வண்டி விளிம்பு வரைக்கும்கூடப் போகவில்லை. கீழே பாறை லேசாக இடப்பக்கம் சரியும் இடத்திலேயே வழுக்கி இறங்கிவிட்டது.

துண்டுகளைப் பிய்த்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மாட்டியிருந்த இரண்டாவது பேட்டரியில் பாதிதான் மிச்சம். சற்றுத் தள்ளி வேப்பமர நிழலில் விஸ்வநாத் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். விசில் அவர் கழுத்தில் தொங்கியது.

"விட்ரு எவா. அடுத்த வாரம் வேற பாறை பாத்துக்கலாம்," என்றான் ஆண்டனி. இதை அவன் கேலியாகச் சொல்லவில்லை.

"நக்கோ, வேணாம்," என்றாள் எவாஞ்சலின். "விசில் ஊதட்டும். அதுவரைக்கும் என் பாறை."

வழுக்கி இறங்கியபோது பின் அச்சில் காய்ந்த புல் சுற்றியிருந்தது. ஆண்டனி வண்டியை எடுத்து மடியில் வைத்தான். முன்சக்கரங்கள் இரண்டையும் முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, பின் அச்சை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையால் புல்லை இழுத்தான். வரவில்லை.

"லேசா ஓட்டு. சுத்துனா லூஸாகும்."

அவள் விசையை இழுத்தாள். அவன் பிடி இறுக்கமாக இருந்ததால் சக்கரங்கள் சுற்றவில்லை. அதற்குப் பதில் வண்டியின் உடம்பு சட்டென்று வலப்பக்கம் முறுக்கிக்கொண்டது.

"ஏய், மணிக்கட்டத் திருப்புது. செவுத்துல ஓட்ட போடறப்போ டிரில்லு மாட்டிக்கிச்சுனா கையத் திருப்புமே, அந்த மாதிரி."

எவாஞ்சலின் விசையை விட்டாள். உடம்பு நேரானது. மறுபடி இழுத்தாள். வலப்பக்கம் முறுக்கியது. விட்டாள். நேரானது.

"எவா, என் கை."

"பேசாம பிடிங்க. இன்னொரு தடவ."

குனிந்து, வண்டியின் வயிற்றுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டு இழுத்தாள். நடுவிலிருக்கும் மோட்டார், முன்னும் பின்னும் நீளவாக்கில் ஓடும் தண்டுகளைச் சுழற்றித்தான் சக்கரங்களைத் திருப்புகிறது. சக்கரம் திரும்பினால் சரி. படியில் முட்டி நின்றுவிட்டால், தண்டு சக்கரத்தைத் திருப்ப முடியாமல் உடம்பைத் திருப்பப் பார்க்கிறது. வலது பின் ஸ்பிரிங் நசுங்கி அடங்கியது. அதற்கு நேர் எதிர்மூலையில், இடது முன்சக்கரத்தின் மேல் இருந்த பாரம் போய்விட்டது. மூன்று ஞாயிறாகக் காற்றில் எழும்புவது அந்தச் சக்கரம்தான்.

கண்ணாடித் தட்டில் நிறுத்தி எத்தனை முறை அளந்திருப்பாள். ஒரு முறைகூட மோட்டாரை ஓட்டிக்கொண்டு அளக்கவில்லை. தொழிற்சாலையில் அவள் மேசைக்கு வருவதெல்லாம் அசையாமல் கிடக்கும் இரும்பு. அசையாத இரும்பை அளந்தே பழகிய கை.

"என்னா ஆச்சு?" என்றான் ஆண்டனி.

"வலது பின்னால ஸ்பிரிங் பத்தல."

"அப்ப மாத்து."

சொல்வது சுலபம். எவாஞ்சலின் கருவிப் பெட்டியைத் திறந்தாள். கடினமான ஸ்பிரிங்குகள் ஒரு சின்ன உறையில் இருந்தன. அதையும் வீட்டில் அளந்து ஜோடி சேர்த்து வைத்திருந்தாள். உறையிலிருந்து ஒன்றை எடுத்தாள். விரல்கள் தானாகவே இன்னொன்றையும் எடுத்துவிட்டன. கொஞ்ச நேரம் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றைத் திரும்ப உறைக்குள் போட்டாள்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"ஜோடி இல்லாமயா? நீயா?"

"வாய மூடிட்டு அந்த ஸ்பானரக் குடுங்க."

வலது பின் ஷாக்கை மட்டும் கழற்றினாள். பழைய ஸ்பிரிங்கை உருவிவிட்டுக் கடினமானதை மாட்டினாள். ஸ்பிரிங்கின் தலையை அழுத்திப் பிடிக்கும் திருகு வளையத்தையும், இருக்கட்டும் என்று, போகும் மட்டும் கீழே இறக்கினாள். பூட்டி, தட்டையான கல்லில் வைத்தாள். வண்டி இடப்பக்கம் சாய்ந்துகொண்டு நின்றது. அதைப் பார்க்க அவளுக்குப் பல் கூசியது.

தண்ணீர் பாட்டிலோடு அந்தப் பக்கமாக வந்த விஸ்வநாத் நின்று பார்த்தார். "என்ன மேடம், அச்சு வளஞ்சிருச்சா?"

"இல்ல சார். நான்தான் வளச்சேன்."

அவர் பாட்டிலைத் திறந்துகொண்டே வேப்பமரத்தடிக்கு நடந்துவிட்டார்.

பாறையில் வைத்தாள். வண்டி ஏறியது. விளிம்பில் முன்சக்கரங்களை வைத்தது. அவள் விசையை இழுத்தாள். இந்த முறை வலது முன்சக்கரம் எழும்பியது. வண்டி இடப்பக்கம் பல்டி அடித்து மெத்தையில் விழுந்தது.

சுதர்சன் உச்சுக் கொட்டினான். ஆண்டனி தலையில் கை வைத்தான். "ஹவ், ஆமா, இப்ப அந்தப் பக்கம் விழுது."

எவாஞ்சலின் மூன்று வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

"கைக்கு சிரிக்கிறே?"

"அந்தப் பக்கம் விழுதுல்ல? அப்ப நடுவுல ஒரு எடத்துல விழாம இருக்கணும்."

வளையத்தைப் பாதி தூரம் மேலே ஏற்றினாள். ஆண்டனியிடம் கொடுத்து, முன்போலவே முழங்காலில் இடுக்கிப் பிடிக்கச் சொன்னாள். விசையை இழுத்துப் பார்த்தாள். இன்னும் இடப்பக்கம் கொஞ்சம் போனது. வளையத்தை மேலும் ஒரு சுற்று தளர்த்தினாள். இழுத்தாள். உடம்பு சிலிர்த்துக்கொண்டதே தவிர எந்தப் பக்கமும் திரும்பவில்லை. ஓட்டத்தில் நேர். விசையை விட்டதும் வண்டி பழையபடி இடப்பக்கம் சொத்தென்று சாய்ந்தது. சாயட்டும் என்று விட்டுவிட்டாள்.

வேப்பமரத்தடியில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. சுதர்சன் தன் வண்டிக்குப் பேட்டரி மாட்டி, கூரையைப் பூட்டிக்கொண்டிருந்தான். விஸ்வநாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதான் கடைசி," என்றான் ஆண்டனி. பாறைக்குப் பக்கத்தில் போய், வண்டியின் சக்கரங்கள் தெரியும் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கையால் தொட்டால் முயற்சி செல்லாது என்பதால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

வண்டி புறப்பட்டது. கீழ்ப்பகுதியின் சரிவைத் தாண்டியது. பாறை கொஞ்சம் வழவழப்பாக இருந்த இடத்தில் சக்கரங்கள் ஒரு கணம் சுற்றின, பிறகு பிடித்துக்கொண்டன. விளிம்பு வந்தது. இடது சக்கரம் ஏறியது. வலது சக்கரம் ஏறியது.

"ரெண்டும் கல்லு மேல இருக்கு," என்றான் ஆண்டனி. குரல் அடங்கியிருந்தது. "எவா, ரெண்டும் கல்லு மேலயே இருக்கு."

அவள் இழுத்தாள். வண்டியின் மூக்கு நேராக வானத்தைப் பார்த்தது. உடம்பு எந்தப் பக்கமும் சாயவில்லை. வயிறு விளிம்பில் உரசும் சத்தம் கேட்டது. பின்சக்கரங்கள் படியின் செங்குத்தான முகத்தில் வந்து முட்டின. அங்கே நின்றுவிட்டது.

விஸ்வநாத் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல், இவர்கள் பக்கம் பார்த்தார்.

"ஊதுங்க சார்," என்றான் சுதர்சன். "வண்டி பாறை மேல இருக்கறவரைக்கும் முறை முடியாதுங்க. கீழ விழுந்தாத்தான் என் டர்ன்."

விசில் ஊதியது. சாப்பிடப் போக வேண்டியவர்கள் யாரும் போகவில்லை. தட்டும் கையுமாக வந்து பாறையைச் சுற்றி நின்றார்கள்.

எவாஞ்சலின் விசையைக் கொஞ்சம் இழுத்தாள். மோட்டாரின் சத்தம் தொண்டை கட்டியதுபோல் வந்தது. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே இழுப்பாக இழுத்துவிடலாமா என்று விரல் துடித்தது. இழுத்தால் எகிறும். அவ்வளவு பெரிய முறுக்கலுக்கு அவள் வளையத்தை வைக்கவில்லை. இழுக்காமல் காத்திருந்தால், பேட்டரி செத்து, வண்டி அப்படியே பின்னோக்கி உருண்டு வந்துவிடும்.

விரலின் நுனியை மட்டும் அசைத்தாள். ஒரு பட்டாணி நகரும் அளவுக்கு. பின்சக்கரத்தின் டயர், கல்லின் சொரசொரப்பில் ஒரு பல்லைப் பதித்தது. அப்படியே வைத்திருந்தாள். இன்னொரு துளி. அடுத்த பல். வலது பின்சக்கரத்தின் மேலிருந்த அந்த ஒற்றைக் கடின ஸ்பிரிங் பாதி அமுங்கி, அதற்கு மேல் அமுங்க மாட்டேன் என்று நின்றது. பட்டுச்சேலையின் முந்தானை இடுப்பிலிருந்து அவிழ்ந்து புழுதியில் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

"வருது," என்றான் ஆண்டனி. "வருது, விடாத. எடது சக்கரம் விளிம்புக்கு வந்திருச்சு. ரைட்டு இன்னும் ஒரு விரக்கடை. விடாத எவா."

அவள் விடவில்லை. வலது பின்சக்கரம் விளிம்பில் தொற்றியது. நழுவியது. மறுபடி தொற்றியது. வண்டி ஒரு முறை குலுங்கி, பாறையின் தட்டையான தலையில் தவழ்ந்து ஏறி, நடுவில் போய் நின்றது. மோட்டார் ஒரு முனகல் முனகி அடங்கிப் போயிற்று. பேட்டரி தீர்ந்துவிட்டது. வண்டி மேலே, இடப்பக்கம் சாய்ந்தபடி, கோணலாக உட்கார்ந்திருந்தது.

முதலில் கை தட்டியது சுதர்சன்தான். தட்டிவிட்டு நேராக அவளிடம் வந்தான். "அக்கா, அந்த ஸ்பிரிங் விஷயத்தை எனக்கும் சொல்லித் தரணும். என் வண்டியும் வலப்பக்கம் லேசா இழுக்குதுங்க. ரோட்டு மேல தப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"பாறையில ரோடு ஏது தம்பி?" என்றான் ஆண்டனி. எழுந்திருக்கப் பார்த்தான், கால் மரத்துப்போயிருந்ததால் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

விஸ்வநாத் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தார். "சரி மேடம், பேரைச் சொல்லுங்க. பிரியாணி ஆறுது."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மூன்று வாரமாக இந்தப் பாறையை எப்படி ஏறுவது என்று மட்டுமே யோசித்தவள், ஏறினால் என்ன பெயர் வைப்பது என்று ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் 'பட்டுச்சேலை' என்றார். இன்னொருவர் 'நொண்டிக்குதிரை' என்றார். சுதர்சன் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்தான்.

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அவள் பாறையை அடியிலிருந்து உச்சிவரை ஒரு தடவை பார்த்தாள்.

"எவாஞ்சலின்," என்றாள்.

விஸ்வநாத் புரியாமல் விழித்தார். "உங்க பேரு தெரியும் மேடம். பாறைக்கு?"

"பாறைக்குத்தான் சார்."

"முழுப் பேருமா?" என்றான் ஆண்டனி கீழேயிருந்து. "வாய்க்குள்ள நுழையாது எவா. ஞாயித்துக்கிழம வெயில்ல நின்னு, 'எவாஞ்சலின்ல ஏறப்போறேன், எவாஞ்சலின்ல ஏறப்போறேன்'னு இவங்கள்லாம் எத்தன தடவ சொல்லணும்?"

"சொல்லட்டும்," என்றாள் எவாஞ்சலின். "ஏறணும்னா முழுசா சொல்லிட்டு ஏறட்டும்."

சுதர்சன் தன் வண்டியைத் தூக்கிக்கொண்டு பாறையின் அடிக்கு வந்தான். பசியை மறந்துவிட்டான் போலிருந்தது. முன்சக்கரங்களைக் கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, எவாஞ்சலின்ல ஒரு தடவ ட்ரை பண்ணிக்கட்டுங்களா?"

"பண்ணு," என்றாள் அவள். மெத்தையை இழுத்து அவனுக்குச் சரியான இடத்தில் போட்டாள். கொஞ்சம் யோசித்து, வலப்பக்கமாக நகர்த்தி வைத்தாள்.